கோயிலுக்கு ஒரு துணையாள்: டர்பன் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கம், வெருலம், டோங்காட் பகுதிகளிலுள்ள கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ்ச் சங்கத்தாருக்கும், மாதர் குழுக்களுக்கும், குருக்கள்மாருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கென்று ஒவ்வொரு கோயிலும் ஓர் ஆளை வேலைக்கு அமர்த்த வேண்டும். ஒரு கோயிலுக்குத் தனியாக முடியாதென்றால் பக்கத்துக் கோயில்கள் இரண்டு மூன்று சேர்ந்து அமர்த்தலாம். வாரத்தில் இரண்டு நாள் வேலை, அதற்குச் சம்பளம். அவர் டாக்டராகவோ நர்ஸாகவோ இருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளுக்குள் தயக்கமில்லாமல் வந்துபோகக்கூடியவராக, எந்த அலுவலகத்துக்கு என்ன தாள் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவராக, சொன்ன நாளில் தவறாமல் போன் செய்பவராக இருந்தால் போதும். இந்த மடலில் அவரைத் துணையாள் என்று சொல்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்தாலும் சரிதான்.

நான் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். மாலையில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாமியாருக்கு டிமென்ஷியா. நானும் என் கணவரும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்கள் தங்கள் வீட்டுக் கதையை மெல்லச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், எத்தனை வீடுகளில் இது கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது என்று புரிந்தது. அவர்கள் எல்லோருக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே க்ளினிக் இருக்கிறது. சாட்ஸ்வர்த்துக்கு ஆர்.கே. கான், பீனிக்ஸுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. பென்ஷனுக்கு, அரசின் உதவித்தொகைகளைக் கொடுக்கும் சாசா அலுவலகம். முதியோருக்காக டாஃப்டா இருக்கிறது, ஆர்ய யுவக் சபா 1921-இல் தொடங்கிய ஆர்யன் பெனவலன்ட் ஹோம் இருக்கிறது. குடும்பங்களுக்கு வழிசொல்ல அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்கா, டிமென்ஷியா எஸ்.ஏ. போன்ற அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் இவற்றில் ஒன்றுக்கு இன்னொன்றைப் பற்றித் தெரியாது. ஒரு இடத்தில் சொன்னதை இன்னோர் இடத்தில் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த இடங்களையெல்லாம் சேர்த்துக் கட்டும் வேலை முழுவதும் வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மகளோ மருமகளோ, சில வீடுகளில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பேத்தியோ. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும்கூட அவளை அவ்வளவு களைப்பாக்குவதில்லை. இந்த அலைச்சல்தான் அவளைச் சாய்க்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வயதான ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் க்ளினிக்கிலிருந்து வருகின்றன. சிறுநீர் அடக்க முடியவில்லை என்று வேறொரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதுகிறார். மறதிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் டோனெபெசில் கொடுக்கிறார்கள். சிறுநீருக்குக் கொடுக்கும் பழைய மாத்திரைகளில் பல, மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. டோனெபெசில் அதே பொருளைக் கூட்டுவதற்காகத் தரப்படுவது. ஒன்று ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் நாமே வாங்கிக்கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளும் இந்தத் தடுக்கும் வகைதான். மூன்று இடத்திலும் மூன்று பைல்கள். எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரின் மேசையில் கொட்டிக் காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே அந்தப் பெண்ணுக்குத் தெரியும்? அப்புறம், சாப்பிட்டதே மறந்துபோய்ச் சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுந்தால், பலரும் அதையும் மறதி நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

என் மாமியார் ஒரு வாரக் கடைசியில் திடீரென்று வேறு ஆளாகிவிட்டார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியில் சுவரைப் பார்த்துப் பேச்சு, கையைப் பிடித்தால் உதறல். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டிமென்ஷியா என்றால் இப்படித்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறொரு டாக்டர் சிறுநீரைச் சோதித்தார். கிருமித் தொற்று. மருந்து கொடுத்ததும் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டார். டிமென்ஷியா மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இறங்கும். ஒன்றிரண்டு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால் அது பெரும்பாலும் டெலிரியம் என்ற திடீர்க் குழப்பம். தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றிப்போவது, புதிய மாத்திரை என்று அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், உடனே தேட வேண்டும். அந்த ராத்திரி நான் போன் செய்ய ஒரு துணையாள் இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருப்பார். நானும் கவுன்டரில் நின்று, சிறுநீர்ச் சோதனை செய்யாமல் போக மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

இனி காகிதங்களுக்கு வருகிறேன். நம் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

60 வயதிலிருந்து வரும் பென்ஷன் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல், இன்னொருவர் முழுநேரமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவருக்கு கிராண்ட்-இன்-எய்டு என்று தனித்தொகை உண்டு என்பது பல வீடுகளில் தெரியாது. அதற்கு டாக்டரின் மதிப்பீடு வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது, வீட்டில் இருப்பவருக்குத்தான். தொகை சிறியதுதான். ஆனால் பெரியவர்களுக்கான டயப்பர் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள் அதைச் சிறியது என்று தள்ள மாட்டார்கள். வரிசையில் நிற்க முடியாத பெரியவரின் சார்பில் பணம் வாங்க ஒருவரை முறைப்படி நியமிக்கவும் சாசாவில் வழி இருக்கிறது. அது தெரியாமல் ஆயாவை (பாட்டியை) வெயிலில் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது தன் சார்பில் பணம், சொத்து விவகாரங்களைப் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். அம்மா தெளிவாக இருந்தபோதே கையெழுத்து வாங்கி வைத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று நம்பி இருக்கும் குடும்பங்கள் ஏராளம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, கொடுத்தவர் தானே முடிவெடுக்கும் திறனை இழந்ததும் அந்த பவர் ஆஃப் அட்டர்னியும் செல்லாது. வேறு சில நாடுகளில் அதற்குப் பிறகும் நீடிக்கும் பத்திரம் உண்டு, இங்கே இல்லை. எதற்காக வாங்கி வைத்தோமோ அந்த நாள் வரும்போது அது வெறும் தாளாகிவிடுகிறது. பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவருடைய விவகாரங்களைப் பார்க்க க்யூரேட்டர் என்ற பொறுப்பாளரைப் போடச் சொல்ல வேண்டும். செலவு பிடிக்கும் வழி. சொத்தும் வருமானமும் குறைவாக இருந்தால், 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் விண்ணப்பித்து நிர்வாகி ஒருவரை நியமிக்கும் எளிய வழியும் இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்று வக்கீல்தான் சொல்ல வேண்டும். நம் சங்கங்களில் வக்கீல்களுக்குக் குறைவில்லை. மாதத்தில் ஒரு மாலை, ஒருவர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் எத்தனை வீடுகள் காப்பாற்றப்படும்! நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே, பெரியவர் தன் விருப்பத்தைத் தானே சொல்லக்கூடிய காலத்திலேயே இந்தப் பேச்சு நடக்க வேண்டும். உயிலும் அப்போதே எழுதப்பட வேண்டும்.

மனசு கனக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுகர்ஸ் என்ற போதைப்பொருளில் விழுந்த பேரன், ஆயாவின் பென்ஷன் கார்டை எடுத்துக்கொண்டு போகிறான். ஆயாவுக்கு அது ஞாபகம் இல்லை. அம்மா வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள். இது சாட்ஸ்வர்த்தில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் இதைக் குடும்ப விவகாரம் என்று விட்டுவிடவில்லை. தொழில்முறையில் முதியவரோடு பழகுகிறவர், அவருக்குப் பாதுகாப்பு தேவைப்படுவதைக் கண்டால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. நீங்கள் அமர்த்தும் துணையாள் இந்தக் கடமையை அறிந்தவராக இருக்க வேண்டும். அவர் தெரிவிக்கும்போது நிர்வாகக் குழு அவர் பின்னால் நிற்க வேண்டும். அந்தப் பையனின் அப்பா குழுவில் இருந்தாலும்கூட.

ஏன் கோயிலைக் கேட்கிறேன், ஏன் அரசாங்கத்தைக் கேட்கவில்லை என்று சிலர் நினைக்கலாம். அரசாங்கத்தையும் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் கோயிலால் மட்டுமே முடிகிற சில விஷயங்கள் இருக்கின்றன.

இன்று எண்பதைத் தாண்டியவர்களில் பலர், கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகஸீன் பாரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய அப்பாமாரில் பலர் டர்பன் கார்ப்பரேஷனில் தெரு கூட்டியவர்கள், குப்பை அள்ளியவர்கள். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, அறுபதுகளில் அவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். இப்போது சாயங்காலம் ஆனதும் என் மாமியார் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வீட்டுக்குப் போகணும் என்கிறார். டிமென்ஷியாவில் அந்தி நேரத்தில் பதற்றம் கூடுவது உலகெங்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவர் கேட்கும் வீடு எது? சோம்ட்சூ ரோடு பக்கத்தில் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்று. அது இப்போது இல்லை. இதுதான் உங்கள் வீடு என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும் அவருக்குக் கோபம்தான் வரும். பாரக்ஸில் தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள், கோயில் திருவிழாவுக்கு யார் சமைப்பார்கள் என்று கேட்டால், உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். இப்படிக் கேட்க வேண்டும் என்று எந்த ஆஸ்பத்திரித் துண்டுத்தாளிலும் போட்டிருக்காது. நம் கோயில்களில் அந்தக் காலத்தை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மொழியும் அப்படித்தான். பள்ளிக்குப் போய் இங்கிலீஷுக்கு மாறியவர்கள், வாழ்நாள் முழுவதும் வீட்டிலும் இங்கிலீஷே பேசியவர்கள், நோய் முற்றும்போது சின்ன வயசுத் தமிழுக்குத் திரும்புகிறார்கள். பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், முதலில் கேட்ட மொழி கடைசிவரை தங்கும். இது பலருக்கும் நடக்கிறது. பிள்ளைகளுக்கோ அந்தத் தமிழ் தெரியாது. வலிக்கிறது என்று அம்மா தமிழில் சொல்லிக்கொண்டே இருக்க, மகள் புரியாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். என் வகுப்பில் இப்போது பெரியவர்கள் சிலரும் வந்து உட்காருகிறார்கள். பசிக்குதா, எங்கே வலிக்குது, பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்பது போன்ற சொற்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். கோயில் வகுப்புகள் எல்லாவற்றிலும் இதைச் செய்யலாம். இதற்குப் பணமே வேண்டாம்.

வீட்டில் உதவிக்கு வரும் ஜூலு சகோதரிகளை மறந்துவிட்டு எந்தத் திட்டமும் போடாதீர்கள். பல வீடுகளில் பகல் முழுவதும் பெரியவரோடு இருப்பது அவர்கள்தான். எங்கள் வீட்டுக்கு வருபவர் என் மாமியாரை கோகோ (ஜூலுவில் பாட்டி) என்றுதான் கூப்பிடுகிறார், மாமியாரும் அவர் குரலுக்குத்தான் முதலில் திரும்புகிறார். துணையாள் நடத்தும் பயிற்சியில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும், அவர்கள் மொழியில் பேச ஒருவர் வேண்டும், வந்த நேரத்துக்குக் கூலி வேண்டும்.

குருக்கள்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் டாக்டருக்கு முன்னால் உங்களிடம்தான் வருகின்றன. அருள் வந்து சொல்பவர்களிடமும் போகின்றன. அவர்களுடைய நம்பிக்கையைக் குறைத்துப் பேச மாட்டேன், எனக்கும் அந்த அம்மாள்தான் துணை. திருநீறு கொடுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், கூடவே க்ளினிக்குக்கும் அனுப்புங்கள். ஏனென்றால் மறதிபோலத் தோன்றுவதில் சில, சரிசெய்யக்கூடியவை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லக் கசியும் ரத்தம். வருடக்கணக்கில் மரக்கறி மட்டுமே சாப்பிடும் பெரியவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். காது மங்கியதை மறதி என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதை, பரிகாரம் செய்து செய்து ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அந்த வருடம் திரும்பி வராது.

சரி, மருத்துவப் படிப்பில்லாத ஒருவரை வைத்து இதெல்லாம் நடக்குமா? நடந்திருக்கிறது. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2008-இல் வெளிவந்தது. ஊர்க்காரர்களையே எடுத்து, குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். மனநல மருத்துவர் பின்னால் இருந்து உதவினார். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தேறியது. பணம் கொட்டிக் கிடக்கும் அமெரிக்காவிலும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா, நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் 780 குடும்பங்களுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளை வைத்துப் பெரும்பாலும் போனிலேயே துணை கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. நோயாளியின் வாழ்க்கைத் தரம் கூடியது, அவசர சிகிச்சைக்கு ஓடுவது குறைந்தது, பார்த்துக்கொள்பவரின் மனச்சோர்வும் குறைந்தது. 2024 ஜூலையிலிருந்து அந்நாட்டில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி என்ற ஏற்பாட்டுக்குக் கட்டணம் கொடுத்து எட்டு வருடத் திட்டமாகவே நடத்துகிறது. வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு நர்ஸோ டாக்டரோ இருக்க வேண்டும் என்பதும் இவற்றிலிருந்து தெரிகிறது. நம் சமூகத்தில் ஓய்வுபெற்ற நர்ஸுகள் எத்தனை பேர்! வாரம் ஒரு மணி நேரம் துணையாளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர்களில் சிலர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

சம்பளம் என்று முதலில் சொன்னதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொண்டாகச் செய்யட்டும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். தொண்டு செய்பவருக்கு வீட்டில் கல்யாணம் வந்தால், பேரப்பிள்ளை பிறந்தால் நின்றுவிடும், அவரைக் குறைசொல்லவும் முடியாது. தொண்டர்களுக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. சிறுநீர்த் தொற்று என்று ராத்திரி பதறும் குடும்பத்துக்கு எடுக்கும் போன், வேலையாக இருந்தால்தான் எடுக்கப்படும். காவடிக்கும் கொடியேற்றத்துக்கும் பந்தலுக்கும் நாம் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். முதியோர் இல்லம் ஒன்று கட்டலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. கட்டடம் நல்லதுதான், ஆனால் அது சில பேருக்குத்தான் இடம் கொடுக்கும். கட்டி முடிப்பதற்குள் இப்போதுள்ள குடும்பங்கள் களைத்துப்போகும். நம்மில் பெரும்பாலோர் பெரியவர்களை வீட்டில்தான் வைத்துக்கொள்ள விரும்புகிறோம், முடியாமல்தான் திணறுகிறோம்.

துணையாளின் முதல் வேலை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். மாத்திரைகள், நோய்கள், டாக்டர்களின் பெயர்கள், கடைசியாக விழுந்த நாள், எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டுக்கு அடங்குவார், எப்போதும் என்ன சாப்பிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் புதிதாக ஒருவர் உதவிக்கு வந்தாலும் அந்தப் புத்தகம் கூடவே போக வேண்டும். வீட்டில்தான் இருக்க வேண்டும், கோயில் அலமாரியில் அல்ல. நிர்வாகக் குழுவில் யாரும் அதைப் படிக்கக் கூடாது. ஒருவரின் உடல்நிலைத் தகவலை நம் நாட்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டமே தனிக் கவனத்தோடு காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் ஊரில் ஒரு வீட்டுச் செய்தி மறுநாள் எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அப்படி வெளியே போய்விட்டால் அப்புறம் ஒரு குடும்பமும் துணையாளுக்குக் கதவைத் திறக்காது.

வழி தவறிப் போகிறவர்களுக்காக ஓர் ஏற்பாடும் முன்கூட்டியே வேண்டும். இது நம் ஊரில் உயிர் போகிற விஷயம். காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை, உடனே கொடுக்கலாம். துணையாளிடம் சமீபத்திய படம் ஒன்று, குடும்பத்தின் சம்மதத்தோடு, இருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு காவலுக்கென்று வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் உடனே போட அது போதும்.

அப்புறம், வாரத்தில் ஒரு காலை நேரம் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை. பெரியவர்கள் வரட்டும், பஜனை பாடட்டும், தாளம் தட்டட்டும். பேர் மறந்தவர்கள்கூடப் பாட்டின் அடியை மறப்பதில்லை, நீங்களே பார்ப்பீர்கள். கஞ்சியோ சோறும் பருப்பும் கீரையுமோ சமையல்கட்டிலிருந்து வரட்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மசித்துக் கொடுக்க ஒருவர் கற்றுக்கொள்ளட்டும். அந்த நான்கு மணி நேரத்தில் வீட்டிலுள்ள பெண் தூங்கட்டும். அல்லது அவளே க்ளினிக்குக்குப் போய்த் தன் பிரஷரைப் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் உடம்பைக் கவனிப்பதே இல்லை. அண்ணன் ஜோகன்னஸ்பர்க்கில், தம்பி ஆஸ்திரேலியாவில், வாரம் ஒரு வீடியோ கால், அதில் அம்மா இரண்டு நிமிடம் தெளிவாகப் பேசிவிட்டால், நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெரிதாக்குகிறாய் என்று பேச்சு. இந்தச் சொல்லைக் கேட்காத மகள் குறைவு. அண்ணனுக்கும் தம்பிக்கும் போன் செய்து நிலைமையைப் பொறுமையாக விளக்க வெளியாள் ஒருவர் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். செலவைப் பங்கிடும் பேச்சும் அப்போதுதான் ஆரம்பமாகும்.

இப்படி நாமே சேர்ந்து செய்துகொள்வது நமக்குப் புதிதல்ல. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள் தங்கள் காசைப் போட்டுக் கோயில் எழுப்பினார்கள். அரசு பள்ளி கட்டித் தராதபோது கைக்காசு சேர்த்துப் பள்ளிகளைக் கட்டியது நம் தாத்தா பாட்டிகள்தான். அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் இன்று வயதாகி, தங்கள் தெருவையே மறந்து நிற்கிறார்கள். உலகத்தில் 5 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு டிமென்ஷியா இருக்கிறது, அவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெரிய கணக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. நம் கோயிலுக்கு வந்துபோகும் குடும்பங்களில் எத்தனை வீடுகளில் இந்த நோய் இருக்கிறது என்பதுகூட இன்னும் யாரும் கேட்காத கேள்வி. அதிலிருந்து தொடங்கலாம்.

இந்த வருடமே தொடங்க ஒரு வழி சொல்கிறேன். செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம், புரட்டாசி ஆரம்பித்த சில நாளில் வருகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் கோயில்கள் நிறைந்திருக்கும். அதற்கு முன்னால் உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். மூன்று முடிவு எடுத்தால் போதும்: யாரோடு சேர்ந்து ஆளை அமர்த்துவது, ஆறு மாதச் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து எடுப்பது, மண்டபம் வாரத்தில் எந்தக் காலையில் திறப்பது. பயிற்சிக்கு அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்காவைக் கேட்கலாம். பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஐசப்போர்ட் பாடங்களும் இருக்கின்றன. அவற்றில் நம் வீடுகளுக்கு வேண்டியதை எளிய தமிழில் எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னால் வருகிறேன். வகுப்பில்லாத எந்த மாலையும் சரி. என்னோடு இன்னும் சில மகள்களும் மருமகள்களும் வருவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள மட்டும் மாதர் குழுவிலிருந்து இரண்டு மூன்று பேரைத் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்